வெடித்த சோதனைக் கிண்ணம்

என் மேசையில் குண்டூசி போட்டு வைத்திருக்கும் இரும்புக் கிண்ணத்தைப் பார்க்கிறவர்கள், "இந்த ஓட்டைச் சாமான் எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். அடிப்பக்கம் வளைந்து மேலேறும் இடத்தில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. கிண்ணத்தின் பக்கமெல்லாம் முட்டை வடிவக் கீறல்கள். முதலில் அவை மிளகளவு வட்டங்களாக இருந்தவை.

வட்டங்களை வரைந்தவர் எங்கள் மேஸ்திரி. அறுபதுகளில் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறை. பெரிய பூட்டுகளின் வெளிக்கூட்டை இரும்புத் தகட்டிலிருந்து கிண்ணமாக அழுத்தி எடுத்தது என் அத்தான், அக்காவின் புருஷன். நான் அரம் போடுகிறவன். புதுத் தகட்டுக் கட்டு வந்தால் மேஸ்திரி காலையில் முதல் ஆளாக வந்து ஒரு துண்டு வெட்டி, கவராயத்தால் பொடி வட்டங்கள் கீறி, தானே பிரஸ்ஸில் அழுத்திப் பார்ப்பார். வட்டம் எங்கே அதிகம் நீள்கிறதோ அங்கேதான் தகடு மெலிந்து கிழியும். கிழிந்தால் கட்டு முழுவதையும் உலையில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். தாங்கினால் கட்டின் மேல் சாக்பீஸால் 'சரி' போடுவார். அதை நம்பித்தான் அத்தான் பிரஸ்ஸை இறக்குவார். மேஸ்திரி கெட்டிக்காரர்தான், பொய் சொல்ல மாட்டேன். இரக்கம் மட்டும் எறும்பளவும் கிடையாது.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று. வாரத்தில் வெடித்த கிண்ணங்களைக் கம்பியில் கோத்து, சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அழுத்தியவர் கழுத்தில் போடுவார். "ஏலே, மாப்ளைக்கு மாலை ரெடி, குலவை போடுங்கடா!" ஒன்றிரண்டு கிண்ணம் என்றால் அத்தானும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

இரண்டாவது பிரஸ் வந்தபோது, அதற்கு அத்தானை மேஸ்திரியாகப் போடுவதாக முதலாளி சொன்னார். அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதே வாரம், 'சரி' போட்ட கட்டிலிருந்து அத்தான் அழுத்தியதெல்லாம் வெடித்தது. எண்ணெயை மாற்றினார், மெதுவாக இறக்கினார், எதற்கும் வெடிப்பு நிற்கவில்லை. "தகடு நல்லாத்தான் இருக்கு, கைதான் சரியில்ல" என்றார் மேஸ்திரி. சனிக்கிழமை மாலையின் கனத்தில் அத்தான் குனிந்து நின்றபோது, தூக்குவாளியோடு அக்கா வாசலில். முதலாளியும் சிரித்தார். அத்தான் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "செத்த நேரத்துல வாரேன்" என்று அக்காவிடம் சொல்லிப் போனார். பழனி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி இந்தக் கிண்ணத்தை என் முன்னால் எறிந்தார். அந்தக் கட்டின் சோதனைக் கிண்ணம். "வெடிச்சது தெரிஞ்சுதான் சரி போட்டேன். மேஸ்திரி ஆகணும்ங்கிறவன் எம்புட்டுத் தாங்குவான்னு அழுத்திப் பாக்க வேணாமா?" முதலாளியிடம் சொன்னேன். "போனவன் போயிட்டான், வேலையப் பாருப்பா" என்றார். பாவிகள்!

அக்கா இன்றைக்கும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். எந்த நாளில் அழிப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

போன மாதம் மேஸ்திரி என் கடைக்கு வந்தார், பேரனுக்கு வேலை கேட்டு. கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, என் கை வட்டம்ல இது! இந்தக் கட்டு நல்லா ஞாபகம் இருக்கு. உலையில போட்டிருந்தா அம்சமா வந்திருக்கும்."

"அந்தக் கட்ட அழுத்துனவர ஞாபகம் இருக்கா?"

நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"யாருப்பா அழுத்துனது?" என்று என்னையே கேட்டார்.