நாற்பது ஒட்டுச் சட்டிகள்

எங்கள் தோட்டத்தில் கொய்யா இருந்தது, எலுமிச்சை இருந்தது, சப்போட்டாவும் நாலு மரம் இருந்தது. ஆனால் யாரும் அதையெல்லாம் கேட்டு வந்ததில்லை. வடக்கு மூலையில் நின்ற ஒரே ஒரு மாமரத்தைக் கேட்டுத்தான் வருவார்கள். அந்தப் பழத்துக்குப் பெயர் கிடையாது. நார் இருக்காது, கொட்டை சின்னதாக இருக்கும், தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுத்திருக்கும். பட்டணத்துக் கடைக்காரர் வைகாசியில் ரயிலேறி வந்து, மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பழம் தின்றுவிட்டுத்தான் மற்ற பேச்சைப் பேசுவார். எங்கள் கொய்யாவையும் எலுமிச்சையையும் வருஷம் முழுவதும் அவர் எடுத்துக்கொண்டது அந்த மாம்பழத்துக்காகத்தான். அது இல்லையென்றால் எங்களைத் தேடி வர அவருக்கு என்ன தலையெழுத்தா?

அது யுத்த காலம். முத்தாபுதுப்பேட்டைக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் மிலிட்டரிக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தை மாதக் கடைசியில் ஓவர்சியர் ஒருவர் வந்து, சங்கிலி பிடித்து அளந்து, எங்கள் மூலையில் சிவப்புத் துணி கட்டிய கழி ஒன்றை நட்டார். மூன்று ஏக்கரில் கால் ஏக்கர்தான் போகிறது, பயப்படாதீர்கள் என்றார். அந்தக் கால் ஏக்கரில்தான் மரம் நின்றது. சித்திரை முடிந்ததும் வெட்டுவோம் என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மரத்தைப் பெயர்த்து வேறு இடத்தில் நட முடியாது. கொட்டை போட்டால் என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளையிலிருந்து ஒட்டுக் கன்று எடுத்தால்தான் அதே ருசி மறுபடி கிடைக்கும். இதை என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஊரில் மற்றவர்கள் தோட்டத்துக்கெல்லாம் போய் ஒட்டுக் கட்டிக் கொடுப்பார். சொந்த மரம் என்றால் மட்டும், ஒவ்வொரு மழைக்காலமும், “அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்பார். கிளையை அறுத்தால் காய் குறையுமே என்ற ஆசை. எனக்கும் அந்த ஆசை இருந்தது, அவரை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. சிவப்புத் துணியைப் பார்த்த மறுநாள் காலையில் கஞ்சிகூடக் குடிக்காமல் கத்தி தீட்ட உட்கார்ந்தார்.

போன ஆனியில் கொட்டை போட்டு முளைத்த நாற்பது கன்றுகள் சின்னச் சின்ன மண்சட்டிகளில் நின்றன. மரத்தைச் சுற்றி மூங்கிலில் பரண் கட்டி, சட்டிகளை அதன்மேல் ஏற்றி வைத்தோம். கன்றின் தண்டில் ஒரு விரல் நீளம் பட்டையைச் சீவி, தாய் மரத்துக் கிளையிலும் அதே அளவு சீவி, இரண்டு காயத்தையும் சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டி, களிமண்ணும் சாணியும் கலந்து மேலே அப்பினார். காயங்கள் ஒன்றாகக் கூடிவிட்டால் கிளையைத் தாய் மரத்திலிருந்து அறுத்துவிடலாம். பிறகு சட்டியிலிருக்கும் வேரே அதைப் பிழைக்கவைக்கும். கூடுவதற்கு மூன்று மாதம் ஆகும். எங்களுக்குக் கிடைத்ததும் மூன்று மாதம்தான், அதுவும் மாசி, பங்குனி, சித்திரை வெயிலில்.

உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் கொள்ளும் அளவுதான் ஒரு சட்டியின் மண். காலையில் ஊற்றிய தண்ணீர் உச்சி வேளைக்குள் காய்ந்துவிடும். ஆகவே மூன்று வேளையும் ஏணி வைத்து ஏறி, சொம்பால் ஊற்ற வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாம் மிலிட்டரி வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் நில விஷயமாகத் தினமும் பூந்தமல்லிப் பக்கம் சர்க்கார் கச்சேரிக்கு நடந்துகொண்டிருந்தார், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீட்டில் இன்னொருவர் அவருடைய அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள், வீடே அவள் கையில்தான். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவளுக்கு முழங்கால் வலி, ஏணியில் ஒரு படிகூட ஏற முடியாது. மிச்சம் நான்தான். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மரம் ஏறினேன். தெருவில் சிரித்தவர்களைப் பார்த்து, “இன்னா, நீயும் ஒரு சொம்பு எட்த்துனு வாயேன்” என்று கேட்டேன். யாரும் வரவில்லை.

மாசி பத்தாம் தேதி வாக்கில் நான் வீட்டுக்குத் தூரமானேன். எங்கள் பக்கத்தில் அந்த மூன்று நாளும் பெண்கள் தோட்டத்துக்கு வெளியே மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கி இருக்க வேண்டும். பூச்செடியையே தொடக்கூடாது, ஒட்டுக்கன்றைக் கேட்கவே வேண்டாம். தீட்டுப் பட்டால் காயம் கூடாது என்பார்கள். நானும் அதை முழுக்க நம்பினேன். ஒழுங்காகப் போய்க் கொட்டகையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் விடியற்காலையில் ஒருமுறை, இருட்டுவதற்குள் ஒருமுறை ஊற்றினார். உச்சி வேளைக்கு ஆளில்லை. கொட்டகையிலிருந்து பார்த்தால் பரண் நன்றாகத் தெரியும். மூன்று நாளும் மத்தியான வெயிலில் அந்தச் சட்டிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு ஏறிப் பார்த்தபோது ஒன்பது கன்றுகள் சருகாகியிருந்தன. அண்ணி கேட்டுவிட்டு, “போனது போவட்டும், முப்பத்தொண்ணு கீதே” என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அப்புறம் ஒருநாள் காற்றில் ஒரு சட்டி விழுந்து உடைந்தது. முப்பது மிஞ்சியது.

பங்குனியில் மறுபடி நாள் வந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்வதற்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். விடியுமுன் கிணற்றடியில் துணியை அலசி, விறகுக் கட்டுக்குள் காயப்போட்டேன். அண்ணி என் நாட்களைக் கணக்கு வைத்திருப்பாள் என்று தெரியும். “இன்னா பொண்ணே, நாள் தள்ளிப்போச்சா?” என்று கேட்டே விட்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம், பிள்ளை தரித்திருக்கிறதோ என்று. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் எனக்குப் பிள்ளையில்லை. “தெர்ல அண்ணி” என்று சொல்லிவிட்டு ஏணிப்பக்கம் போனேன். ஒவ்வொரு சட்டிக்கும் தண்ணீர் ஊற்றும்போது, தெய்வமே, என்னை என்ன வேண்டுமானாலும் செய், இதுகளை விட்டுவிடு என்று முப்பது தடவை சொன்னேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட வாடவில்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. சித்திரைத் தொடக்கத்தில் மறுபடியும் அதே பொய்யைச் சொல்லி, அதே மாதிரி ஏறி ஊற்றினேன்.

சித்திரை பிறந்ததும் என் வீட்டுக்காரர் கிளைகளில் கால்வாசி ஆழத்துக்கு வெட்டுக் கொடுத்து வைத்திருந்தார். ஒரே அடியாக அறுத்தால் கன்று அதிர்ச்சியில் போய்விடும். வாரத்துக்குக் கொஞ்சமாக வெட்டி, மாதக் கடைசியில் பிரிப்பதுதான் முறை. சித்திரை பாதியில் ஒரு காலையில் கோடாலியோடு பத்துப் பேர் வந்து நின்றார்கள். கான்டிராக்டருக்கு அவசரமாம். “இன்னும் ரெண்டு வாரம் தவணை கீதுபா” என்று இவர் கெஞ்சினார். “எங்கிளுக்கு இன்னிக்கித்தான் ஆர்டரு, அண்ணாத்தே. சாயந்தரத்துக்குள்ள சாய்ச்சாவணும்” என்றான் அவர்களுக்குத் தலைவன். நல்லவன் அவன், எங்களுக்காக மத்தியானம்வரை தெற்குப் பக்கத்துப் புதரை வெட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் முப்பது கிளையையும் அறுத்தோம். இவர் மேலே அறுக்க, நான் கீழே வாங்கி, ஓடி ஓடி எலுமிச்சை நிழலில் சட்டிகளை வரிசையாக வைத்தேன். பரணிலிருந்து கடைசிச் சட்டி இறங்கியதும் மரத்தில் முதல் கோடாலி விழுந்தது. மரம் நிறையக் காய். விழுந்தபோது காய்கள் எங்கள் கிணறுவரை உருண்டு வந்தன. நான் அழுதேன், இவர் அழவில்லை, சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை இலைகள் தொங்கின. அதற்கு மறுநாள் முப்பதும் தொங்கின. இவர் மழைக்காலத்தில் ஒட்டு அறுத்துத்தான் பழகியவர், இப்படி ஒரு வாட்டத்தை அவர் பார்த்ததில்லை. சட்டிகளுக்கு நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்து, “நான் இன்னா கொறை வச்சேன், இன்னா கொறை வச்சேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குறை வைத்தது நான் என்று தெரிந்துகொண்டே எப்படிச் சும்மா இருப்பது? அண்ணியும் பக்கத்தில் நின்றாள். இரண்டு மாதமும் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

அண்ணிதான் பேசினாள். “அடிப்பாவி, பச்சைக் காயத்தையா தொட்டே? குடியைக் கெடுத்துட்டியே!” பிறகு ஒரு நிமிஷம்கூட வீணாக்கவில்லை. கொட்டகையில் இரண்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த கோமியம் ஒரு குடம் இருந்தது. அதில் மஞ்சளைக் கரைத்தாள். தீட்டுக் கழிக்கச் சட்டிக்கு ஒரு டம்ளர் ஊற்ற வேண்டும் என்றாள்.

வீட்டில் தீட்டுக் கழிக்கத் தரையில் நாலு சொட்டுத் தெளிப்பது வழக்கம். சட்டிக்கு ஒரு டம்ளர்! கொட்டகை வாசலில் கோமியம் தேங்குகிற இடத்தில் புல்கூட முளைப்பதில்லை. தினமும் அதை மிதித்துக்கொண்டு நடந்தவள் நான். “அண்ணி, ஊத்தாதீங்கோ, வேரு வெந்துடும். சும்மா தெளிச்சா போதும்” என்றேன். “நீ வாயத் தொறக்காத! தம்பி, இவளை அப்பால போவச் சொல்லு.” நான் இவரைப் பார்த்தேன். ஒட்டுக் கட்டத் தெரிந்தவர், அவருக்கும் தெரியாதா? “உங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்களேன்” என்று கேட்டேன். இவர் கீழே பார்த்துக்கொண்டு, “இந்தா, நீ கொட்டாய்க்குப் போ” என்றார். வாழ்நாளில் அவரை அத்தனை வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

எலுமிச்சை மரங்களின் கடைசி வரிசை கொட்டகையை ஒட்டியே இருந்தது. அண்ணி கொட்டகைக்கு எதிர்க்கோடியில் தொடங்கினாள். அவள் குனிந்து குனிந்து ஊற்ற, இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். சட்டிகளையே பார்த்துக் குனிந்திருந்ததால் இருவர் பார்வையும் என் பக்கம் வரவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். நாலு எடுத்தேன். ஐந்தாவதற்குக் கை நீட்டியபோது அண்ணி நிமிர்ந்தாள், விட்டுவிட்டேன். நாலையும் வைக்கோலுக்குப் பின்னால் ஒளித்துவைத்து அவற்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். குடம் காலியானது. எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கிணற்றடிக்குக் கைகழுவப் போனபோது சட்டிகளைத் திரும்ப வரிசையில் வைத்தேன். மற்றவற்றின் மண் மஞ்சளாக இருந்தது. இவை கறுப்பாகத் தெரிந்தன. என் காலில் பூசியிருந்த மஞ்சளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, நாலு சட்டியின் விளிம்பிலும் தடவினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர் கொட்டகைக்கு வந்தார். வைக்கோலுக்குப் பின்னால் தரையில் சட்டிகளின் ஈரம் நாலு வட்டமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காலால் கொஞ்சம் வைக்கோலைத் தள்ளி அதை மூடிவிட்டு, “சாப்டியா?” என்று கேட்டார். என் கோபத்தில் பாதி அப்போது போனது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

கோமியம் ஊற்றிய மூன்றாம் நாள் இலைகள் விளிம்பில் கருகத் தொடங்கின. ஐந்தாம் நாள் இருபத்தாறு கன்றுகளும் குச்சியாக நின்றன. என் நாலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தேன். மூன்று தலைதூக்கியிருந்தன. ஒன்று மட்டும் போய்விட்டது. அந்த மூன்றையும் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. முப்பதும் தொங்கியது தாயைப் பிரிந்த களைப்பில். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அதில் பெரும்பாலும் ஆறாம் நாள் எழுந்திருக்கும். அந்த இருபத்தாறும் என் பயத்தால் போனவை.

அண்ணி ஊரெல்லாம் சொன்னாள்: “கோமியம் ஊத்துனதாலதான் மூணாச்சும் பொழைச்சிது.” கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்று கன்றையும் எலுமிச்சை வரிசைக்குப் பக்கத்தில், கொட்டகை எதிரில் நட்டோம். நாலாவது வருஷம் ஒன்றில் ஐந்து காய் நின்றது. அண்ணி முதல் பழத்தை அம்மனுக்கு வைத்துவிட்டு, மற்றதை நறுக்கி எல்லோருக்கும் கொடுத்தாள். அதே ருசி. “சுத்தமா வளத்தோம், அதான் இப்டி இனிக்கிது” என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். இவர் பழத்தை மென்றுகொண்டு தலையாட்டினார். நான் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன். அந்த மரங்களுக்கு மாதத்தில் மற்ற நாளெல்லாம் இவர்தான் தண்ணீர் ஊற்றுவார். நான் தூரமாகிக் கொட்டகையில் உட்காரும் மூன்று நாளும் மட்டும், நாலு வருஷமாக, ஒரு மாதம்கூட விடாமல், அண்ணிக்குத் தெரியாமல் நானே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.