கேட் பக்கம் நின்றவள்

எங்கள் வீட்டில் செருப்பு அலமாரியின் மேல் ஒரு பழைய சிவப்பு ஹெல்மெட் இருக்கிறது. கண்ணாடி முழுக்கக் கீறல்; உள்ளே பஞ்சு பிய்ந்து தொங்குகிறது. தூக்கிப் போடுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டுமே" என்பார். ஊருக்காகத்தான் நானும் சத்தம் போடுகிறேனே தவிர, அதைக் குப்பையில் போட எனக்கும் மனம் வராது. முதன்முதலாகக் காற்பந்துக் குழுவில் சேர்ந்தபோது, எங்கள் மகள் பந்தைத் தேடியதைவிட இந்த ஹெல்மெட்டைத் தேடியதுதான் அதிகம்.

அப்போது அவளுக்கு ஏழு வயது, பள்ளியில் முதலாம் ஆண்டு. ஜோகூர் உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஏர்கோன் பழுதுபார்க்கும் ஒருவர், அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக் காற்பந்து பழக்கினார். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் கோச். சனிக்கிழமை காலைகளில் மற்ற தாமான் பிள்ளைகளோடு ஆட்டம் நடக்கும். ஆட்டம் என்பது நாங்கள் மரியாதைக்குச் சொல்வது. பந்து எங்கே போனாலும் இரண்டு குழுவும் ஒரே கும்பலாக அதன் பின்னால் ஓடும். எங்கள் கோல்கீப்பர் கம்பத்தடியில் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருப்பான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் ஜெர்சியோடு என் மகள் மட்டும் திடலின் ஓரக் கோட்டில், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரும்புக் கேட்டைப் பார்த்தபடி நிற்பாள்.

"பாப்பா, உள்ள வா. மாசோக் லா, மாசோக்" என்று கோச் தமிழிலும் மலாயிலும் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் இரண்டடி உள்ளே போவாள். மறுபடியும் கோட்டுக்கே வந்துவிடுவாள். மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் கோச் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஏன்மா, பந்துன்னா பயமா?" என்று கேட்டார். "இல்ல கோச். அப்பா வருவாரு. கேட் பக்கம் பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னாரு" என்றாள். கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினேன்.

அவளுடைய அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்தைத் தாண்டுவார். திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அந்த வருடங்களில் ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. அவருக்கோ ஞாயிறு மட்டும். சனிக்கிழமை அவள் ஆடும்போது அவர் வேலையில் இருப்பார். ஞாயிறு காலை அவர் எழுந்து உட்கார்ந்தால், அவள் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியிருப்பாள். ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவுக்கும் மகளுக்கும் விடுமுறை ஒத்துப்போனதே இல்லை. புதுக் காலணி வாங்கிய அன்று, அதன் கயிற்றைக் கட்டிவிட்டபடி அவர்தான் சொன்னார்: "அப்பா வருவேன். நீ கேட் பக்கம் பாத்துக்கிட்டே இரு." வாக்குக் கொடுப்பதில் அவருக்கு வாய் தாராளம்.

அதற்குப் பிறகு கோச் அவளை உள்ளே கூப்பிடவில்லை. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால், தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கேட் பக்கமாக நிறுத்துவார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

கோச் அவளிடம் கேட்ட மறுநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நான் சும்மா சொன்னேன்" என்றார். "நீங்க சும்மா சொன்னீங்க. அவ சும்மா கேக்கலையே." அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனார்.

பருவத்தின் கடைசி ஆட்டமும் வந்தது. அதற்காவது எப்படியும் வந்துவிட வேண்டும் என்று அவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, வெள்ளி இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். முடிந்ததும் நேராகத் திடலுக்கு வருவதாக ஏற்பாடு. நான் மகளிடம் மூச்சுவிடவில்லை. இன்னொரு முறை ஏமாறுவதை என்னால் பார்க்க முடியாது. முதல் பாதி முடிந்தது, ஆள் வரவில்லை. இரண்டாம் பாதியும் முக்கால்வாசி போய்விட்டது. இந்தப் பிள்ளைக்கு இனி என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது கேட்டருகே மோட்டார் சத்தம் கேட்டது. சிவப்பு ஹெல்மெட். வேலை பூட்ஸைக்கூடக் கழற்றாமல், தூக்கமில்லாத கண்களோடு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆட்டத்தை விட்டுவிட்டு அவரிடம் ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஓடவில்லை. கையை ஒரு முறை ஆட்டினாள். பிறகு திரும்பி, அதுவரை எட்டியே பார்க்காத திடலின் நடுவுக்கு ஓடினாள். கும்பலுக்குள் புகுந்து, பந்தைக் கண்டுபிடித்து உதைத்தாள். அது வெளியேதான் போனது. மறுபடியும் துரத்தினாள். ஜெர்சி காலில் சிக்கி விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். நாங்கள் படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் வேர்த்து வழிய அப்பாவிடம் வந்து, "நாம ஜெயிச்சிட்டோமாப்பா?" என்று கேட்டாள்.

இப்போது ஜோகூரில் சனியும் ஞாயிறும் விடுமுறை. அவருக்கும் சனிக்கிழமை வேலை இல்லை. இடைநிலைப் பள்ளிக் குழுவில் ஆடும் மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். எந்தத் திடலாக இருந்தாலும் அவர் முதல் ஆளாகப் போய்விடுகிறார். போன வாரம் நல்ல வெயில். கறுப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார்.

"நிழலுக்கு வாங்க. அவதான் இப்பல்லாம் இந்தப் பக்கம் பாக்கிறதே இல்லையே" என்றேன்.

"பாக்கலைன்னா என்ன? ஒருவேளை பாத்துட்டா, நான் இங்க இருக்கணும்ல."

விசில் ஒலித்தது. மகள் கேட் பக்கம் திரும்பவே இல்லை. நேராக நடுவுக்கு ஓடினாள்.