ரோமாபுரி விழுந்ததும் எங்க குரூப் விழுந்ததும்

உலக வரலாற்றிலே கேள்வி கேட்டுப் பிழைக்கிற எங்களுக்கு ஒரு சாபம் உண்டுங்க: கேட்டதுக்குப் பதில் வந்ததா சரித்திரமே இல்லை. பேப்பர் திருத்தி நொந்தவங்களுக்கு இது புரியும்.

நீலகிரியிலே மஞ்சூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வரலாற்று குரூப்புக்கு நான் டீச்சர். இருக்கிறதே கொஞ்சம் பிள்ளைகள். இன்னும் ஒண்ணு குறைஞ்சாலும் குரூப்பை எடுத்துருவாங்க, உங்களை உபரி ஆசிரியர்னு மலையிறக்கிருவாங்கன்னு ஹெட்மாஸ்டர் ஜூன் மாசமே சொல்லிட்டார். அதனாலே யாரையும் திட்ட முடியாது. வயித்தெரிச்சல் வயித்துக்குள்ளேயே இருக்கணும்.

கைடு

காலாண்டுத் தேர்வில் தொழிற்புரட்சி கேட்டேன். பாதிப் பேர் ஒரே மாதிரி எழுதி, கடைசி வரியாக ‘தொடர்ச்சி அடுத்த பக்கம்’னு முடிச்சிருந்தாங்க. அடுத்த பக்கம் வெறும் காகிதம். கைடுல இருக்கிற அந்த வரியையுமாடா எழுதுவேன்னு அதிலே ஒருத்தன் மணியைக் கேட்டேன்.

"ஒரு வரி விட்டாலும் மார்க் போயிரும்னு நீங்கதானுங்களே மிஸ் சொன்னீங்க."

காலவரிசை

பிரமிடு, பிரெஞ்சுப் புரட்சி, இரண்டாம் உலகப் போர். வரிசைப்படுத்தச் சொன்னா, பிரகாஷ் புரட்சி முடிஞ்ச பிறகு பிரமிடு கட்டியிருந்தான். நான் தலையிலே கை வெச்சு உட்கார்ந்துட்டேன். பாவம், அவனே ஆறுதல் சொன்னான்.

"புரட்சிக்குக் கூட்டம் சேர்ந்தாத்தானுங்க மிஸ், அவ்ளோ பெரிய கல்லைத் தூக்க முடியும்."

ஒப்பந்தம்

முதல் உலகப் போருக்குப் பின் வந்த சமாதான ஒப்பந்தத்தைப் பற்றி, சொந்தமா யோசிச்சு எழுதினவள் சுகந்தி ஒருத்திதான். ஆனா நடுவிலே ஒரு கப்பல் வந்தது. ஜெர்மனிக்காரன் எங்கே கப்பல் ஏறினான்னு கூப்பிட்டுக் கேட்டேன். ரெண்டு நாடு ஒப்பந்தம் போட்டு, அவங்க தாத்தாவை இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பின கதையைச் சொன்னாள்.

"கையெழுத்துப் போட்டவங்க யாரும் கப்பல் ஏறலைங்க மிஸ். எல்லா ஒப்பந்தமும் அப்படித்தானுங்களே?"

முழு மார்க் போட்டேன். இவ ஒருத்தி போதும், இந்த வேலை பார்த்ததுக்கு அர்த்தம் இருக்குன்னு அன்னிக்கு நெனைச்சேன்.

டி.சி.

அடுத்த வாரமே சுகந்தியோட அப்பா டி.சி. கேட்டு வந்து நின்னார். எஸ்டேட்ல வேலை பாதியாயிடுச்சாம், குடும்பத்தோட திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறாங்களாம். பொதுப் பரீட்சை வரைக்குமாவது இவளை இங்கே விட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். என் வேலைக்காகவும்தான் கெஞ்சினேன், மறைக்க என்ன இருக்கு? சுகந்தி வாசலிலேயே நின்னாள், உள்ளே வரலை. அவ அப்பாதான் சொன்னார்.

"எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல சரித்திரம் நெறைய இருக்குங்க டீச்சர். சம்பளந்தான் இல்ல."

ரோமாபுரி விழ ஏழு காரணம் எழுதலேன்னு இத்தனை வருஷமா மார்க்கைக் குறைச்சவள் நான். எங்க குரூப் விழ ஒரே ஒரு டி.சி. போதுமா இருந்தது.