வானத்தில் ஒரு ‘சரிங்க சார்!’

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஊரான மாரண்டஹள்ளிக்கு மேலே பறந்தேன். கனவில் இல்லைங்க... நிஜமாகவே!

ஓட்டியது அக்கா மகள் திவ்யா. சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவள், ‘முதல் பயணி அம்மாதான்’ என்று ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவோ, தக்காளித் தோட்டத்தை விட்டு அசைய மாட்டேன் என்றாள்.

“ரோட்டுல போனா நாலு பேரைக் கேக்கலாம். மேல யாருடி இருக்கா, வழி கேக்க?”

நியாயமான கேள்விதானே? எனக்கும் அதே பயம்தான். மாமன் கெத்தில் மூச்சு விடவில்லை.

“ஏர்போர்ட்டைச் சுத்தி, கீழ இருந்து ரேடியோல கன்ட்ரோலர் சொல்றபடிதான் போகணும்மா. அதைத் தாண்டிட்டா தகவல் மட்டும் சொல்லுவாங்க... மழை எங்க, வேற விமானம் எங்கன்னு. பாத்து ஓட்டறது என் பொறுப்பு” என்றாள் திவ்யா.

“சொன்ன நேரத்துக்கு நீ போய்ச் சேரலைன்னா?”

“அவங்களே தேட ஆரம்பிச்சுடுவாங்க.”

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்க அவள் செய்வதும் அதைத்தானே! யார் பஸ் ஏறினாலும், போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

“அப்டின்னா வரேன்டி.”

சேலத்தில் கிளம்பினோம். அக்கா முன் சீட்டில், மகள் பக்கத்தில். துணைக்கு நான் பின்னால், கந்த சஷ்டி முணுமுணுத்தபடி. மூவர் காதிலும் ஹெட்போன். தொப்பூர் தாண்டியதும் இங்கிலீஷில் கன்ட்ரோலர் குரல் — தூரத்தில் இன்னொரு விமானம் வருகிறதாம். பதில் சொல்லும் முன், அது எங்கே என்று திவ்யா கண்ணால் துழாவினாள்.

ஒருவர் அக்கறையாகச் சொல்கிறார்... பதில் பேசாமல் இருப்பது மரியாதையா? மகள் பேசும்போது எந்தப் பட்டனை அமுக்கினாள் என்று அக்கா பார்த்து வைத்திருந்தாள். தன் பக்கம் இருந்த அதே மாதிரிப் பட்டனை அமுக்கினாள்.

“சரிங்க சார்! பாத்துப் போறோங்க. நீங்க சாப்டீங்களா?”

திவ்யா முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, லைசென்ஸ் போச்சு!

பிறகு அதே குரல், தமிழில்...

“ஆச்சுங்கம்மா. நல்லபடியா போய்ட்டு வாங்க.”

அடுத்த வார்த்தை மறுபடி இங்கிலீஷ். சிரிப்பை அடக்கிக்கொண்டு திவ்யா முறையாகப் பதில் சொன்னாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“டேய், அதோ நம்ம வூடுடா!” — தோட்டத்துக்கு மேலே வந்ததும் அக்கா கத்தினாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயப்படலாம்.

மறுபடி சேலத்திலேயே பத்திரமாக இறங்கி, நான் பைக்கில் என் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி வந்தேன். சட்டையைக் கழற்றும்போதே போன்.

“வூடு சேந்துட்டியா?”

“இப்பத்தான்க்கா.”

“சொல்ல மாட்டியாடா? இன்னும் செத்த நேரம் போயிருந்தா, அந்த கன்ட்ரோலர் தம்பிகிட்டச் சொல்லி உன்னைத் தேட விட்டிருப்பேன்!”