எல்லப்பன் வாங்கிய கட்டிகள்

எல்லப்பன் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து வருடம் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்று ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தபிறகும், நெருப்பைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றுதான் நினைத்திருந்தார்.

மகள் திவ்யா பிரசவத்துக்கு வந்தாள். குழந்தை பிறந்தபின் இருவருக்கும் தினமும் அண்டா அண்டாவாக வெந்நீர் வேண்டும். அடிக்கடி கரண்ட் போவதால் மின்சார ஹீட்டரை நம்ப முடியாத தெரு அது. பின்கட்டில் கிடந்த செம்பு பாய்லரைத் துலக்கி வைத்தார். விறகுக்குப் பதிலாக, தூளை அழுத்திச் செய்த எரிகட்டிகளை எரிக்கலாம் என்று செங்கல்பட்டில் ஒரு கிடங்குக்குப் போனார்.

அங்கே இரண்டு வகை இருந்தன. ஒன்று வேர்க்கடலைத் தோலில் செய்தது, தொட்டாலே உதிர்ந்தது. இன்னொன்று கருத்து, கனத்து, செங்கல் மாதிரி விளிம்பு மழுங்காமல் இருந்தது. எல்லப்பன் அதைத்தான் கையில் எடுத்தார்.

"அது பிளைவுட் தூளுண்ணா. பசை கலந்து கீது. கம்பெனிக்குத்தான் ஆவும். வூட்டுக்குக் கடலைத்தோலு எடுத்துக்க" என்றார் கிடங்குக்காரர்.

"பாய்லராண்டயே கெடந்தவன் நானு. எனக்கே நெருப்பு சொல்லித் தர்றியா?"

ஆட்டோ நிறைய அதையே ஏற்றிக்கொண்டு வந்தார்.

நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் கண்ணைக் கரிக்கும் ஒரு நெடி புகையோடு சேர்ந்து கிளம்பியது. பத்து நாளில் பக்கத்து வீட்டு ஏசுதாஸ் வாத்தியாருக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை தெருக்காரர்கள் கூடினார்கள். தெரு பெருக்கும் சம்பூர்ணம்தான் குப்பையைக் கொளுத்துகிறாள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் கொளுத்தலீங்க. எங்க துப்புரவு மேஸ்திரி கூடாதுன்னு சொல்லிக் கீறாரு" என்றாள் அவள்.

யாரோ எல்லப்பன் பக்கம் திரும்பி, "அண்ணாத்த, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்கள்.

அவருக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கிடங்குக்காரர் சொன்னது காதில் விழுந்தது. இருந்தும், "பொகை தெருமுனையிலேர்ந்துதான் வருது" என்றார்.

சம்பூர்ணத்தை அன்றே வேறு தெருவுக்கு மாற்றினார்கள்.

மதியம் திவ்யா பாய்லருக்கடியில் கிளறிவிட்டு, பாதி எரிந்த ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர்முன் போட்டாள். அதில் பலகைமேல் ஒட்டும் சன்மைக்காவின் ஒரு துணுக்கு கருகிப் பதிந்திருந்தது.

"இத்த வச்சா என் கொழந்தைக்கு வெந்நீர் போட்ட, நைனா?"

மிச்சக் கட்டிகளை அவர் சாக்கில் கட்டி ஓரமாக வைத்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏசுதாஸிடம் உண்மையைச் சொன்னார். அவர் மாஸ்க்கை விலக்கி, "எங்கிட்ட சொல்லிட்ட. அந்தம்மாகிட்ட?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இரண்டு தெரு தள்ளி சம்பூர்ணத்தைக் கண்டுபிடித்தார். அவர் வாய் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"உன் வூட்டு வாசல்ல நின்னு பெருக்குனவதானே நானு? எங்கேர்ந்து பொகை வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா யார நம்பியிருப்பாங்க? உன்னையா, என்னையா?"

அவர் கைகூப்பினார். "இங்க கும்புட்டா ஆச்சா? எங்கே திட்டு வாங்கினேனோ அங்க வந்து சொல்லு" என்றாள்.

ஞாயிறன்று அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் சொன்னார். குரல் எழும்பவில்லை, இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர், "விடு எல்லப்பா, பெருக்குறவதானே" என்றார். எல்லப்பனை மிகவும் சுட்டது அந்தச் சொல்தான். அன்று நாமும் அப்படி நினைத்துத்தானே வாய்திறந்தோம் என்று தெரிந்தது.

மேஸ்திரி திரும்ப அழைத்தும் சம்பூர்ணம் அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஸ்டேஷன் பக்கம் எப்போதாவது எதிர்ப்படுவாள். எல்லப்பன் நின்று வணங்குவார். சில நாள் அவள் தலையசைப்பாள். சில நாள் பெருக்கிக்கொண்டே போய்விடுவாள்.