துடுப்பில் கட்டிய துணி

இறைவனின் இரக்கத்தை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கும் அன்பு உள்ளங்களே, இது குரலை இழந்த ஒரு பேச்சாளரின் சாட்சி. மேடையில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பது முடிவில் விளங்கும்.

கொரியாவின் பூசான் நகரில், கடந்த குளிர்காலத்தில், ஒரு மருத்துவர் என் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரத்தம் கசிந்திருந்தது. பக்கத்தில் ஒரு தடிப்பு. அது வற்றும் வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்றார். வற்றாவிட்டால் அறுவை சிகிச்சை. அதன் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று அவரால் உறுதி தர முடியவில்லை.

அடுத்த வாரம் எனக்கு வாய்மொழித் தேர்வு. கல்வி உதவித்தொகையில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவள் நான். முதலாண்டு முழுவதும் கொரிய மொழிப் பயிற்சி. அதன் முடிவில் தேர்வாளர்கள் முன் நின்று கொரிய மொழியில் பேசித் தேற வேண்டும். தேறினால் கடல்வளப் படிப்பில் முதுகலை. தவறினால் சென்னைக்கு விமானம்.

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்து, மயிலாப்பூர் சபா மேடைகளிலும் தி.நகர் கல்லூரி அரங்குகளிலும் பேசிப் பேசியே வளர்ந்தவள் நான். என் பயிற்சிக்கூடம் பெசன்ட் நகர் கடற்கரைதான். அலையை எதிர்த்து நின்று, அலையின் இரைச்சலுக்கு மேல் என் குரல் எழும்வரை முழங்குவேன். ஒலிபெருக்கி பழுதான அரங்கிலும் கடைசி வரிசைவரை என் பேச்சு கேட்டதென்றால், அந்தப் பயிற்சியே காரணம். பூசானிலும் கடல் இருந்தது. கொரிய மொழிப் பேச்சையும் அங்கே நின்றே முழங்கினேன். நம் கடற்காற்று உப்பும் ஈரமுமாக வரும். அந்த ஊர்ப் பனிக்காற்று வறண்டது, கத்தியைப் போன்றது. அது என் தொண்டையை அறுத்துவிட்டது.

என் கனவு, என் அடையாளம், என் எதிர்காலம், எல்லாமே தொண்டையில் இருந்தன. தொண்டை மூடிக்கொண்டது.

வீட்டுக்குக் காணொளியில் அழைத்தேன். செய்தியை முன்பே தட்டச்சு செய்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு அம்மா திரையைத் தடவிப் பார்த்து அழுதார். என்னால் தேற்ற முடியவில்லை. வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பா அலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"மைக்கு கெடச்சா நீ வுடவே மாட்ட. இன்னிக்கு நான் பேசறேன், நீ கேளு பாப்பா," என்றார்.

அழுகையினூடே சிரித்துவிட்டேன், ஓசையில்லாமல்.

"நடுக்கடல்ல இன்ஜின் நின்னு பூட்சின்னா நாங்கோ இன்னா கத்திக்கினா இருப்போம்? கத்துனா எவன் காதுல வுழும்? சட்டயக் கழட்டி துடுப்புல கட்டித் தூக்குவோம். பாத்தவன் வந்துடுவான். நீ ஆரு, எந்தக் குப்பம்னுகூட கேக்க மாட்டான். நீயும் தூக்கிக் காட்டு. ஆண்டவரு பாப்பாரு."

மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த கத்தோலிக்க ஆலயத்துக்குப் போனேன். பகல் நேரம், நற்கருணைப் பேழையின் முன் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முழந்தாளிட்டேன். பழக்கத்தினால் மன்றாட்டு மனத்துக்குள் தானாக ஒரு சொற்பொழிவாக அணிவகுத்தது: முன்னுரை, எடுத்துக்காட்டு, வாதம், முடிவுரை. பாதி வழியில் அதுவும் நின்றுபோனது. ஆண்டவரிடம் சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியம்கூட என்னிடம் மிஞ்சவில்லை.

சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது. அதை இரு கைகளாலும் விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். வேறெதுவும் செய்யவில்லை. கை நோகும்வரை பிடித்திருந்தேன்.

பின்னாலிருந்து யாரோ வந்து என் தலைமேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தினார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ரப்பர் காலணி அணிந்த நடுவயதுப் பெண்மணி ஒருவர். கொரிய ஆலயங்களில் பெண்கள் வெள்ளைப் பின்னல் முக்காடு அணிந்து செபிப்பார்கள். முக்காடு கொண்டுவர மறந்த பெண் கைக்குட்டையால் சமாளிக்கப் பார்க்கிறாள் என்று எண்ணி, தம்முடையதைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார்.

அந்த முக்காட்டில் மீன் வாடை அடித்தது. என் அம்மாவின் கைவாடை. அங்கேயே உடைந்து அழுதேன்.

அவர் என் பெயரைக் கேட்டார். தொண்டையைத் தொட்டுத் தலையசைத்தேன். பக்கத்தில் அமர்ந்து, அழுது முடிக்கும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் அலைபேசியில் கொரிய மொழியில் தட்டிக் காட்டினேன்: தொண்டை, தேர்வு, தனிமை. படித்துவிட்டு அவர் பேசினார்; கரகரத்த குரல். துறைமுகச் சந்தையில் மீன் விற்பவராம். பனியில் கூவிக் கூவி அவர் குரலும் ஒரு குளிர்காலத்தில் அடியோடு போயிற்றாம். வாயை மூடிக்கொண்டிருந்த பிறகு திரும்பி வந்ததாம். "எழுந்திரு. உனக்குப் பதில் நான் பேசுகிறேன்," என்றார்.

தேர்வை ஒத்திவைக்க வேண்டுமானால் பொறுப்பாளரிடம் நேரில் விளக்க வேண்டும் என்பது மொழித்துறையின் விதி. குரலில்லாதவள் எதை விளக்குவது? அந்த அம்மையார் ரப்பர் காலணியோடு என்னை அந்த அறைக்குள் அழைத்துச் சென்றார்.

"இந்தப் பிள்ளையின் அம்மா தொலைவில் இருக்கிறார். அதனால் நான் வந்திருக்கிறேன்," என்றார்.

பொறுப்பாளர் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். மருத்துவச் சான்றைப் பார்த்தார். தேர்வு வசந்தகாலத்துக்குத் தள்ளிப்போனது. வாதங்களை அடுக்கி வெல்லக் கற்றவள் நான். அன்று எனக்காக ஒரே ஒரு வாக்கியத்தில் வழி திறந்தது.

அதன் பிறகு மௌனம். பேசாத நாட்களில் ஆலயத்துக்குப் போய், அம்மையார் எனக்கே கொடுத்துவிட்ட முக்காட்டைப் போட்டுக்கொண்டு வெறுமனே அமர்ந்திருப்பேன். அந்த அம்மையார் சூடான கஞ்சி கொண்டுவருவார். குப்பத்தில் அம்மா செபமாலை சொன்னார். பயம் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் கேட்பார் யாருமில்லாத நடுக்கடலில் நிற்கிறேன் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது.

மருத்துவர் மீண்டும் கேமராவை விட்டுப் பார்த்தார். தடிப்பு வற்றியிருந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார். மெதுவாக 'ஆ' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார். சொன்னேன். அது 'ஆமென்' என்று முடிந்தது. வெளியே காத்திருந்த அம்மையாருக்கு அது கேட்டிருக்கிறது. கதவைத் திறந்தபோது அவர் நெஞ்சில் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டிருந்தார்.

வசந்தத்தில் தேர்வாளர்கள் முன், ஒரு சிறிய அறையில், தாழ்ந்த குரலில், முழக்கமில்லாமல் பேசினேன். தேறினேன். இப்போது முதுகலை படிக்கிறேன்.

விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறேன். மந்தைவெளியில் ஒரு மன்றத்தார் பேச அழைத்தார்கள். மேடைக் குரலுக்கு மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பழையபடி முழங்க முடியுமா என்று தெரியாது. முன்பெல்லாம் செபத்தில் நான் மட்டுமே பேசுவேன். இப்போது பாதி நேரம் சும்மா இருக்கிறேன். அந்தப் பாதியில்தான் ஆண்டவர் எனக்கு மிக நெருக்கமாக இருக்கிறார்.

சென்ற ஞாயிறு எங்கள் மாதா கோயில் திருப்பலிக்கு அந்த முக்காட்டோடுதான் போனேன். அம்மா அதை முகர்ந்து பார்த்தார்.

"எத்தினி தபா தோச்ச? மீன் வாடை போவவே இல்லியே," என்றார்.

"போவ வேணாம், வுடு," என்றார் அப்பா.

அன்பானவர்களே, உங்கள் படகும் இன்று எங்கேனும் நின்றிருக்கலாம். சொல்வதற்கு வார்த்தை வராமலிருக்கலாம். வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் துணியைத் தூக்கிக் காட்டுங்கள். அவர் பார்ப்பார். என்னைப் பார்த்தார்.