எலைசாவின் ரோஜாவை வெட்டியவள்

முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய லொரெய்ன், ஓய்வு பெற்ற மறுவாரமே காப்பர் கல்லி பூங்காவில் தொண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அங்கே ஒரு பக்கம் பழைய செம்புச் சுரங்கமும் தொழிலாளர் குடிசைகளும் அவர்களுடைய கல்லறைத் தோட்டமும். மறுபக்கம் ஓடையும் யூகலிப்டஸ் காடும். வியாழன்தோறும் களை பிடுங்குவாள். சம்பளம் கிடையாது, பதினொரு மணிக்குத் தேநீரும் கேக்கும் உண்டு. பாம்பைக் கண்டால்கூட, "நீ உன் வேலையப் பாரு, நான் என் வேலையப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்காருவாள்.

காட்டு ரோஜா என்றால் மட்டும் அவளுக்கு ஆகாது. ஓடைக்கரைச் செடிகளையெல்லாம் அமுக்கிப் படரும் முள்புதர் அது. ஆகஸ்ட் மாதத்து வியாழன் ஒன்றில் கரையோரமாக வெட்டிக்கொண்டே போனவள், கல்லறைத் தோட்டத்தின் பின்வேலி சரிந்து கிடந்ததைக் கவனிக்காமல் உள்ளே புகுந்துவிட்டாள். அந்த ஊரில் ஆகஸ்ட் குளிர்காலம்; ஒரு முள்செடியிலும் இலையில்லை, எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. பெரிய தூர் ஒன்றை வேரோடு சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தச் சின்னக் கல் கண்ணில் பட்டது. 'எலைசா ட்ரெங்கோவ், வயது நான்கு, 1867.'

அவள் வெட்டியது, அந்தக் குழந்தையின் தாய் நட்ட ரோஜா என்று பூங்காவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிற செடி. கங்காரு மேல் பழியைப் போட்டிருக்கலாம். லொரெய்னோ நேரே தேநீர் மேஜைக்குப் போனாள். பூங்காவைச் சுற்றிக்காட்டும் டெஸ், முன்னாள் கசாப்புக்காரர், கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டெஸ், எலைசாவோட ரோஜாவ வெட்டிட்டேன்."

"வெளையாடாத."

"வெளையாடல. வேரோட."

டெஸ் கேக்கைக் கீழே வைத்தார். "வறட்சி, காட்டுத்தீ எல்லாத்துக்கும் தப்பிச்ச செடிம்மா அது. உங்கிட்ட தப்ப முடியல பாரு!"

யாரும் சிரிக்கவில்லை. வெட்டிய குச்சிகளை வாளியில் பொறுக்கிக்கொண்டு வீடு திரும்பியவள், ஒன்பது தொட்டிகளில் நட்டாள். ஆறு வியாழன் பூங்கா பக்கமே போகவில்லை; போனையும் எடுக்கவில்லை. இரண்டு குச்சிகள் மட்டும் துளிர்த்தன.

கடைசியில் டெஸ்ஸே வாசலில் வந்து நின்றார். "எலைசாவோட தம்பி பேரன் போர்ட் பிரீல இருக்கார். நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன். நீயும் வா."

"அடிப்பாரா?"

"எம்பத்தொரு வயசு. நீ ஓடித் தப்பிச்சுக்கலாம்."

மறுநாள் கீத் ட்ரெங்கோவ் கைத்தடியை ஊன்றிக் கல்லறைக்கு வந்தார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் லொரெய்னுக்கு மறந்துபோயின. "உங்க குடும்பத்து ரோஜாவ நான்தாங்க கொன்னேன்" என்றாள்.

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "சின்ன வயசுல அப்பா வருஷா வருஷம் இங்க கூட்டிட்டு வருவார். அந்த முள்ளு யாரையும் கிட்ட விடாது. இன்னிக்குத்தாம்மா பக்கத்துல நிக்கறேன்."

லொரெய்னின் தோளைப் பிடித்து மெல்ல மண்டியிட்டார். கல்லின் அடியில் மக்கியிருந்த இலைகளை விரலால் விலக்கினார். இன்னொரு வரி தெரிந்தது. 'எங்கள் சின்னப் பாட்டுக்காரி.'

இருபது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி வந்த டெஸ் தொப்பியைக் கழற்றினார். லொரெய்ன் வாய்விட்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா. இவ பாடுவான்னு எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது" என்றார் கீத்.

ரோஜாவை மறுபடி கல்லறையில் நடக்கூடாது, அதுவும் விதை பரவி ஓடைக்கு இறங்கிவிடும் என்று லொரெய்னே சொல்லிவிட்டாள். ஒரு தொட்டியைக் கீத் மடியில் வைத்துக்கொண்டு ஊர் போனார். மற்றது இன்று ஒரு குடிசை முன்னால் அரைப் பீப்பாய்க்குள் வளர்கிறது. பறவைகள் கொத்தி விதை பரப்பிவிடாமல், காய் பழுக்குமுன் எண்ணி எண்ணிக் கிள்ளி எடுப்பது லொரெய்ன் பொறுப்பு. கூட்டத்தோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் டெஸ், "கொலைகாரி இவங்கதான்" என்று கைகாட்டுவார்.

"அடுத்தது நீதான்" என்பாள் அவள், தலை நிமிராமலே.